சுவரோடு பேசிய சனிக்கிழமைகள்

வாஷிங் மெஷின் கெட்டுப்போனவர்களைச் சமாதானப்படுத்துவது என் வேலை. மும்பைக்குப் பக்கத்தில் ஐரோலியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கூப்பிடுகிறவர்களிடம் நாள் முழுக்க, "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுதுங்க" என்று சொல்வேன். தாராவியில் நாங்கள் இருக்கும் ஒற்றை அறையில் வாஷிங் மெஷின் வைக்க இடமில்லை. வைத்தால் நான், கணவர், மகள் என்ற மூவரில் ஒருவர் வாசலில் படுக்க வேண்டியிருக்கும். அதனால் விடியற்காலையில் குந்தி உட்கார்ந்து கையால் துவைத்துவிட்டு, எட்டரை மணி ரயிலைப் பிடித்துப் போய், டிரையர் சுற்றவில்லை என்று குரல் தழுதழுக்கிறவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்னவளுக்கு ஒரு நாள் குர்லா தாண்டியதும் நெஞ்சு அடைத்தது. லேடீஸ் பெட்டியில் எப்போதும் போல ஒருத்தி கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள், ஒருத்தி தலைக் கிளிப் விற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் கை மரத்தது, காது அடைத்தது, மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அடுத்த நிமிடம் செத்துவிடுவேன் என்று தோன்றியது. தோன்றியது என்று இப்போது எழுதுகிறேன், அப்போது அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வித்யாவிஹாரில் விழுந்தடித்து இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. சாகாததில் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, என் இதயம் அவருடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார். வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கணவருக்கு அன்றைக்குப் பரம சந்தோஷம்.

"நாந்தான் அப்பவே சொன்னேம்லா, வாயுன்னு. ராத்திரி உருளைக்கெழங்கு திங்காதன்னா கேக்கியா நீ?"

உருளைக்கிழங்கை விட்டேன். நெஞ்சடைப்பு என்னை விடவில்லை. சயானில் ஏறினால், ஐரோலி வண்டிக்கு மாறும் தாணே வரைக்கும் நடுவில் எட்டு ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் இறங்கி, மூச்சு வாங்கி, அடுத்த வண்டியைப் பிடித்து, அடுத்த ஸ்டேஷனில் மறுபடி இறங்கினேன். விக்ரோலியில் எந்த பெஞ்சில் வெயில் படாது, முலுண்டில் எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் இருந்த வேலை போகும் நிலைக்கு வந்துவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் தாமதம்.

ஆபீசில் அந்த வாரம் மனநல வாரம் கொண்டாடினார்கள். மஞ்சள் பலூன் கட்டி, ஆளுக்கொரு கப்கேக் கொடுத்து, "மனம்விட்டுப் பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்" என்று ஒரு போர்டும் மாட்டினார்கள். அந்த போர்டுக்குக் கீழே உட்கார வைத்துத்தான் டீம் லீடர் என்னிடம் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினாள். இரண்டு மாதம் அவகாசம். அதற்குள் நேரத்துக்கு வராவிட்டால் வரவே வேண்டாம். கப்கேக்கை மகளுக்கு எடுத்துப் போனேன்.

வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவைப்போல நானும் வீட்டோடு கிடப்பேன். எங்கள் சந்தில் அவளுக்கு நல்ல பெயர். பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுப்பாள். காலையில் மிதிக்க ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை மெஷின் நிற்காது. சரக்கைக் கொடுக்கவும் வாங்கவும் ஆள் வீடு தேடி வரும். "வாசப்படி தாண்டமாட்டா பாரு, பொம்பளைன்னா அவதான்" என்று சந்தே மெச்சும். என் கணவரும் அந்தக் கோஷ்டியில் உண்டு. எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. தண்ணீர்க் குழாய் விஷயமாக இரண்டு வருடத்துக்கு முன்னால் சண்டை. விடியற்காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் நான் திருட்டு மோட்டார் போட்டு அவள் பங்கையும் உறிஞ்சுகிறேன் என்று சந்து கூடி நிற்கச் சொன்னாள். என் மகள் தலையில் அடித்து இல்லை என்று சத்தியம் செய்தேன். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் வாய் நின்றது என்று அர்த்தமில்லை. எங்கள் ஆட்களிடம் சாடைப் பேச்சு என்று ஒன்று இருக்கிறது. பேச வேண்டியவளின் முகத்தைப் பார்க்காமல், அவள் காதில் விழும்படி, ஆடு மாடு அண்டா குண்டாவைப் பார்த்துப் பேச வேண்டும். அவள் தன் தையல் மெஷினைத் திட்டுவாள். நான் என் குக்கரைத் திட்டுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ரோஸ் பெயின்ட் அடித்த ஒரே ஒரு தகரம்தான் சுவர். அந்தத் தகரம் இரண்டு வருடத்தில் கேட்காத வசவு கிடையாது.

மனநலக் கவுன்சிலரைக் கண்டுபிடித்தது போன் வழியாகத்தான். தமிழ் பேசுகிறவர், மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஆபீஸ் உத்தியோகக் குடும்பம், செம்பூரில் தனியாக கிளினிக் வைத்திருந்தார். வீட்டில் தையல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். டாக்டரிடம் போகும்போது நல்ல துணி உடுத்திப் போனால்தான் மதிப்பார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தங்கை கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சோபா, ஒரு பிளாஸ்டிக் செடி, கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளைக் கூழாங்கல், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. அழாமல் போனால் அந்தப் பெட்டிக்கு மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று இருந்தது.

"நன்னா டிரெஸ் பண்ணிண்டிருக்கேளே, அதுவே நல்ல ஸைன்" என்றார் மேடம். பட்டுப்புடவை என் ஃபைலில் குறிப்பாக ஏறியது.

நான் ரயில், நெஞ்சு, எட்டு ஸ்டேஷன் எல்லாம் சொன்னேன். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "நீங்க சொல்றது எனக்குப் புரியறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியிலும் ஒரு போன் காலுக்கு மூன்று முறைதான் இதைச் சொல்லச் சொல்வார்கள். இனி புகார் எண் தருவார், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆள் வருவார் என்று காத்திருந்தேன்.

"கண்ணை மூடிண்டு, உங்களுக்கு ரொம்பப் பத்திரமா தோண்ற ஒரு எடத்தை நெனச்சுக்கோங்கோ. என்ன எடம் அது?"

"ஆபீஸ் பாத்ரூம், மேடம்."

பேனா நின்றது. "பீச், கார்டன்... அந்த மாதிரி ஏதாவது?"

"உள்ள தாப்பா இருக்கு மேடம். யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க."

எங்கள் சந்தில் இருபது வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். உள்ளே போய் உட்காருவதற்குள் தட்டுவார்கள். ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து பழக்கமே இல்லாத ஜனங்கள் நாங்கள். இதையெல்லாம் அவருக்கு விளக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சனிக்கிழமைதான் லீவு, ஞாயிறு பாதி நாள் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்றேன். சனிக்கிழமைகளில் அவர் ஆன்லைன் மட்டும்தான் என்றார். ஒரு படிவம் நீட்டினார். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும், ஹெட்போன் கட்டாயம், காதுக்கெட்டும் தூரத்தில் யாரும் இருக்கக் கூடாது. நாங்கள் நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டே வளர்ந்தவர்கள். போட்டேன். தனி அறை! என் வீட்டில் மொத்தமே ஒரு அறை என்பதையும், அதன் ஒரு பக்கச் சுவரை விரலால் தட்டினால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் அதிரும் என்பதையும் அந்தப் படிவத்தில் எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கணவர் டியூட்டியில் இருப்பார், மகள் டியூஷனில். ஹெட்போன் ஆபீஸ் சொத்து, வீட்டுக்கு வராது. மகளின் இயர்போன் எப்போதோ செத்துவிட்டது. அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தேன். அக்காவின் மெஷின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் தும்மினால்கூடக் கேட்காது. அந்தத் தகரத்தை ஒட்டி உட்கார்ந்தால் என் ரகசியமெல்லாம் அந்தக் கடகடப்பில் கரைந்துவிடும். அவளை அண்டியே அவளிடமிருந்து தப்பும் திட்டம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, முதுகைத் தகரத்தில் சாய்த்து உட்கார்ந்தேன்.

மேடம் திரையில் வந்து, "சொல்லுங்கோ, இந்த வாரம் எப்படி இருந்தது?" என்று கேட்ட மாத்திரத்தில் மெஷின் நின்றது.

கரன்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். என் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் மெஷின் காலால் மிதிப்பது என்பதும் பிறகுதான் உறைத்தது. ஐம்பது நிமிடம் மூச்சுபேச்சில்லை. மேடம் விடைபெற்றுக்கொண்டதும் மெஷின் மறுபடி ஓடியது. சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே நின்றது, அப்படியே ஓடியது. போனை அணைத்த பிறகு தகரத்துக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஏ மிஷினே, நீ குடுத்து வச்சவ. ஒனக்கு ரெண்டு சொட்டு எண்ணெ விட்டாப் போதும். செல பேருக்கு ஒக்காந்து கேக்கதுக்குன்னே ஒரு ஆளு வேணுமாம்."

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. அடுப்பில் ஏற்றாத காலிக் குக்கரைக் கையில் எடுத்தேன்.

"ஏ குக்கரே, நீ மூணு விசில் அடிச்சு ஊருக்குச் சொல்லிட்டாவது வேவுத. செல பேரு சத்தமே காட்டாம காத நீட்டுவாவ, பாத்துக்கோ."

சண்டை ஜெயித்ததுபோல இருந்தது. ஆனால் அன்று நான் மேடத்திடம் என்னவெல்லாம் சொல்லியிருந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ரயிலில் சாகப்போகிறேன் என்று நினைத்ததை, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுததை, கணவரிடம் சொல்ல வெட்கப்பட்டதை எல்லாம் சொல்லியிருந்தேன். இனி தண்ணீர் பிடிக்கும் வரிசையில் என் மானம் குடம் குடமாகப் போகும் என்று நினைத்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். சந்தில் யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது. சொல்லியிருந்தால் எப்படிக் கேட்பது என்று மூன்று நாளாக வசனம் தயார் செய்து வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மேடத்திடம் சாமர்த்தியமாகக் கேட்டேன். "பக்கத்து வீட்டுல யாராவது ஒட்டுக்கேட்டா என்ன மேடம் பண்றது?"

"அப்படி யாராவது கேட்டுண்டிருந்தா நான் ஸெஷன் எடுக்கப்படாது. நீங்க அவாகிட்ட நேரா போயி, குத்தம் சொல்லாம, 'எனக்கு'ன்னு ஆரம்பிச்சு உங்க மனசுல இருக்கறதை சொல்லணும். 'எனக்கு கஷ்டமா இருக்கு', 'எனக்கு பயமா இருக்கு'... இப்படி."

எங்கள் சந்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் நேராகப் போய், எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னால், கஷ்டமாக இருந்தால் மாத்திரை போடு என்பாள் மற்றவள். "சும்மாதான் கேட்டேன் மேடம், யாரும் இல்ல" என்றேன். தகரத்துக்கு அந்தப் பக்கமும் யாரும் இல்லாததுபோலவே இருந்தது.

அன்று மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணி இழுக்க வேண்டும், ஆறு எண்ணி வாயால் விட வேண்டும். மேடம் எண்ணினார். நான் இழுத்தேன், விட்டேன். நான் விட்டு முடித்த பிறகும் மூச்சு விடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. முதல் இரண்டு சுற்று எண்ணிவிட்டு மேடம் தன் மைக்கை அணைத்திருந்தார். அடுத்த முறை நான் விடவே இல்லை, வாயை மூடிக்கொண்டு கேட்டேன். தகரத்துக்கு அப்பால், என் முதுகுக்கு நேர் பின்னால், ஒருத்தி ஆறு எண்ணி நிதானமாக மூச்சு விட்டாள். என்னைவிட நன்றாகவே விட்டாள். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று மேடத்திடம் கேட்டிருக்கலாம், ஆனால் யாரும் இல்லை என்று சொல்லியாகிவிட்டதே.

அவகாசத்தில் ஒரு வாரம்தான் பாக்கி இருந்தபோது மேடம் வீட்டுப்பாடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இல்லாத நேரத்தில், நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சயானிலிருந்து தாணே வரை நடுவில் இறங்காமல் போக வேண்டும். பயம் வரும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும், அதுவரைக்கும் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். அவர் சொன்னதிலேயே உருப்படியான விஷயம் அதுதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது நம்பவில்லை.

கணவரிடம் அன்று சாயங்காலம் உண்மையைச் சொன்னேன். தையல் கிளாஸ் இல்லை, இன்ன டாக்டர், இன்ன வீட்டுப்பாடம், நாளைக்குக் கூட வர வேண்டும்.

"ரயில்ல சும்மா தாணே வரைக்கும் போயி, சும்மா திரும்பி வரவா? ஏளா, ஒனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?"

அந்த வார்த்தை வந்ததும் அவரே திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் தகரத்தைத் தாண்டக் கூடாதே என்று அடைத்துக்கொண்டேன். தாண்டியிருக்கும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தனியாகக் கிளம்பினேன். அக்கா அவள் வாசலில் நின்றிருந்தாள். சேலையைப் பின் குத்திக் கட்டியிருந்தாள், தலை வாரியிருந்தாள், புதிதாக ஜிப் வைத்த ஒரு பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏ பையே, நாம தாணே வரைக்கும் போறோம். வாரவ வரட்டும்."

சொல்லிவிட்டு நடந்தாள். பத்தடி விட்டு நான் நடந்தேன். சந்தில் எல்லோரும் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வாசல் தாண்டாதவள் தாண்டுகிறாள்!

லேடீஸ் பெட்டியில் பக்கத்துப் பக்கத்து சீட். குர்லா போனது. வித்யாவிஹார் போனது. காட்கோபரில் எனக்குக் கை மரக்க ஆரம்பித்தது. நாலு எண்ணி இழுத்தேன். விக்ரோலியில் காது அடைத்தது. காஞ்சூர்மார்க் தாண்டியதும் மேடமாவது மூச்சாவது, இறங்கினால்தான் பிழைப்பேன். பாண்டுப்பில் வண்டி வேகம் குறைந்தது. எழுந்துவிட்டேன்.

என் கையை ஒரு கை பிடித்தது. அந்தக் கை நனைந்து சில்லென்று இருந்தது.

"ஏ பையே" என்றாள் அக்கா, குரலே எழும்பாமல். "ஆறு வருசம் ஆச்சு நா ரயில் ஏறி. அந்தக் குர்லாவுலதான் நெஞ்ச அடச்சிக்கிட்டு விழுந்தேன். செத்துட்டேன்னே நெனச்சேன். அதுக்கப்பறம் சந்தத் தாண்டல. ஒரு பய ஏன்னு கேக்கல. நல்ல பொம்பளைன்னுட்டானுவ."

வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். நான் கையை உருவப் பார்த்தேன். அவள் பையை விட்டுவிட்டு, இரண்டு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏட்டி, எறங்காத. எனக்குப் பயமா இருக்கு."

உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் இவளை விட்டுவிட்டு எங்கே இறங்குவது? இரண்டு பேரும் ஆறு எண்ணி மூச்சு விட்டோம். எதிர் சீட்டுக்காரி கொத்தமல்லி ஆய்வதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள். நாஹூரில் காது திறந்தது. முலுண்டில் அவள் கை கொஞ்சம் காய்ந்திருந்தது.

தாணே பிளாட்பாரத்தில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு டீ வாங்கி வந்தேன். அவள் பாதி குடித்துவிட்டு, டம்ளரைப் பார்க்காமல், பையைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே கேட்டாள்.

"அந்தத் தண்ணி மோட்டரு. நீ போட்டதுதான?"

"ஆமாக்கா" என்றேன்.

அவள் மிச்ச டீயைக் குடித்தாள். திரும்பிப் போக இன்னும் எட்டு ஸ்டேஷன் இருந்தது. எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டு, கையை நீட்டினாள்.